26, 31, 28, 33… இது கோளாறா?

பாலக்கோட்டு வாசகி, 9.6.2024, காலை 10.12

எனக்கு 27 வயது. திருமணமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. கடைசி ஆறு முறை மாதவிலக்குகளுக்கு இடைப்பட்ட நாட்கள் 26, 31, 28, 33, 29, 30 என்று இருந்தன. 28 நாளுக்கு ஒரு முறை தவறாமல் வருபவர்களுக்குத்தான் கரு தங்கும் என்றும், இப்படி முன்பின்னாக வருவது கர்ப்பப்பைக் கோளாறு என்றும் நாத்தனார் சொல்கிறார். மாத்திரை போட்டு ஒழுங்குபடுத்திக்கொண்டு அதன் பிறகு முயல வேண்டுமா, அக்கா?

காவேரிப்பட்டணத்தாள், 9.6.2024, இரவு 9.40

வேண்டாம். ஒழுங்குபடுத்த வேண்டிய எதுவும் இந்த ஆறு எண்களில் எனக்குத் தெரியவில்லை. உங்களுடைய மிகக் குறுகிய சுழற்சி 26 நாள், மிக நீண்டது 33 நாள், வேறுபாடு ஏழு. மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ 2018இல் வெளியிட்ட வரையறைப்படி 24 நாளிலிருந்து 38 நாள் வரையிலான எந்த இடைவெளியும் இயல்பானதே. 26 முதல் 41 வயது வரையிலான பெண்ணுக்கு மிகக் குறுகிய சுழற்சிக்கும் மிக நீண்டதற்கும் இடையே ஏழு நாட்கள் வரை வேறுபாடு இருந்தாலும் அது ஒழுங்கான மாதவிலக்கு என்றே கணக்கில் வரும். 18 முதல் 25 வயது வரையிலும், 42 முதல் 45 வயது வரையிலும் ஒன்பது நாட்கள் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். உங்கள் நாத்தனார் கோளாறு என்று சொல்வதைத்தான் மருத்துவர்கள் ஒழுங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

28 என்ற எண் எங்கிருந்து வந்து நம் வீடுகளில் சம்மணமிட்டு உட்கார்ந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். 21 ஹார்மோன் மாத்திரைகள், ஏழு இரும்புச்சத்து மாத்திரைகள். அதைத் தவறாமல் விழுங்குபவருக்கு 28 நாளுக்கு ஒரு முறை உதிரம் வரும், ஏனென்றால் அதை வரவழைப்பதே அந்த அட்டைதான். அட்டையின் கணக்கை உடம்பின் விதியாக எடுத்துக்கொண்டோமோ என்னவோ.

சுழற்சியை இரண்டு பாதியாகப் பிரித்துப் பாருங்கள். உதிரம் தொடங்கிய நாளிலிருந்து முட்டை வெடிக்கும் நாள் வரை முதல் பாதி. அங்கிருந்து அடுத்த உதிரம் வரை இரண்டாம் பாதி. இரண்டாம் பாதி எல்லோருக்கும் 14 நாள். முதல் பாதிதான் ரப்பர் போல நீளும், சுருங்கும். சூலகத்தில் ஒரு முட்டைப்பை வளர்ந்து முற்றுவதற்கு அந்த மாதம் எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை நாள். ஆகையால் உங்கள் 33 நாள் மாதத்தில் முட்டை ஏறத்தாழ 19ஆம் நாளிலும், 26 நாள் மாதத்தில் 12ஆம் நாளிலும் வெளிப்பட்டிருக்கும். நாம் 'நாள் தள்ளிப்போய்விட்டது' என்கிறோம். தள்ளிப்போனது முட்டை, உதிரம் அதற்குரிய நேரத்துக்கு வந்துவிட்டது.

நான் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 32. சென்ற செப்டம்பரிலிருந்து முயல்கிறோம். கணக்கு எழுதும் கை சும்மா இராது என்பதால் ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றிலிருந்து குறித்து வருகிறேன்: 29, 32, 28, 31, 33, 39, 27, 30. வேறுபாடு 12 நாள். நீங்கள் என்னைவிட எவ்வளவோ மேல்.

மாத்திரை என்று ஒன்றை விழுங்கியே தீர வேண்டுமானால் ஃபோலிக் அமிலம் விழுங்குங்கள், தினமும் 400 மைக்ரோகிராம். கரு தங்குவதற்கு முன்பிருந்தே தொடங்க வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் முதல் வாரங்களில், பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரிந்திருக்காது.

10.6.2024, காலை 6.15

எனக்கு இன்று 32ஆம் நாள். கர்ப்பம் பார்க்கும் அட்டையில் ஒரு கோடுதான்.

அது கிடக்கட்டும். கூட்டிக் கழித்துப் பிழைப்பவள் நேற்று ஒரு பெரிய தவற்றைச் செய்திருக்கிறேன். அந்த 39ஐக் கணக்கில் சேர்த்திருக்கவே கூடாது. மாசியில் எங்கள் ஊர் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை. வீடு நிறைய உறவினர்கள் இருப்பார்கள். பூசை நாளில் நான் தூரமாகிவிடக் கூடாது என்று அத்தை மருந்துக் கடையிலிருந்து நாள் தள்ளிப்போடும் மாத்திரையை வாங்கி வந்து கொடுத்தார். நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம். மார்ச் 3 முதல் 11 வரை விழுங்கினேன். நிறுத்திய மூன்றாம் நாள், 14ஆம் தேதி, உதிரம் வந்தது. ஆகவே அந்த 39 அம்மனுக்காக நான் நீட்டிக்கொண்டது. அதை அடித்துவிட்டால் என் கணக்கு 27 முதல் 33 வரை, வேறுபாடு ஆறு.

நோட்டைப் புரட்டும்போது நெஞ்சில் தைத்த விஷயம் வேறு. முயன்றுகொண்டிருந்த மாதத்தில், கர்ப்பமா இல்லையா என்று பார்க்காமலேயே ஒன்பது நாட்கள் அந்த மாத்திரையை விழுங்கியிருக்கிறேன். கருவுற முயல்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று கடையில் யாரும் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. திருவிழாவுக்காக மாத்திரை விழுங்கிய மாதத்தை 'எனக்கு ஒழுங்காக வருவதில்லை' என்று மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்கள் நம் இரண்டு மாவட்டங்களில் எத்தனை பேரோ.

13.6.2024

வந்துவிட்டது. 34.

16.6.2024, ஞாயிறு

'இரண்டாம் பாதி எல்லோருக்கும் 14 நாள்' என்று 9ஆம் தேதி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். 1924இல் ஜப்பானின் நிகாட்டாவில் இருந்த மருத்துவர் ஓகினோ, அடுத்த உதிரத்துக்கு 12 முதல் 16 நாள் முன்பாக முட்டை வெளிப்படுகிறது என்று சொன்னார். அப்போதே அவர் ஒரே எண்ணைச் சொல்லவில்லை, நான் நூறு ஆண்டு கழித்து ஒரே எண்ணைச் சொல்லியிருக்கிறேன். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 6,12,613 சுழற்சிகளை அலசியிருக்கிறார்கள். சுழற்சியின் சராசரி நீளம் 29.3 நாள், முதல் பாதியின் சராசரி 16.9, இரண்டாம் பாதியின் சராசரி 12.4. சரியாக 28 நாளில் முடிந்த சுழற்சிகள் நூற்றுக்கு 13தான். கைப்பேசிச் செயலியில் பெண்கள் தாங்களே பதிந்த விவரங்கள் அவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். செயலி வைத்துக்கொண்டு தினமும் காலையில் உடல் வெப்பம் அளக்கிறவர்கள் உலகத்துப் பெண்கள் எல்லோருக்கும் பிரதிநிதிகள் ஆகமாட்டார்கள். ஆனாலும் ஆறு லட்சம் சுழற்சிகளில் 28 சிறுபான்மைதான் என்பதை நாத்தனாரிடம் காட்டலாம்.

எனவே உங்கள் '19ஆம் நாள்', '12ஆம் நாள்' இரண்டையும் முன்பின் இரண்டு நாள் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் வேலை பார்க்கும் கணவர் சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலையில் கிளம்பிவிடுகிறார் என்று நீங்கள் பிறகு எழுதியிருந்ததைத்தான் நான் இந்த வாரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் நாள் கணக்கைவிட அது பெரிய விஷயம். 1995இல் அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 221 பெண்களின் விவரங்களை வைத்துக் கண்டது: கரு தங்க வாய்ப்புள்ளவை முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்கள் மட்டுமே. விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும், முட்டைக்கு ஆயுள் ஒரு நாளுக்கு மேல் இல்லை, அதனால் இந்தக் கணக்கு. அந்த ஆறு நாட்களும் ஒன்றுபோல அல்ல. ஐந்து நாள் முன்பு சேர்ந்தால் வாய்ப்பு பத்தில் ஒன்று, முட்டை வெளிப்படும் நாளில் சேர்ந்தால் மூன்றில் ஒன்று.

இப்போது இதைப் பாருங்கள். 28 என்பது நான்கு வாரம். ஒரு பெண்ணுக்கு நாத்தனார் சொல்வதுபோல 28 நாளுக்கு ஒரு முறை கடிகாரம்போல வந்து, இரண்டாம் பாதியும் மாறாமல் இருந்தால், அவளுக்கு மாதந்தோறும் ஒரே கிழமையில்தான் முட்டை வெடிக்கும். அந்தக் கிழமை வெள்ளியாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு மட்டும் வீட்டில் இருக்கும் கணவருக்கு அந்த ஆறு நாட்களில் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான், அதுவும் பத்தில் ஒன்று என்ற கடைசி வரிசை நாள். அடுத்த மாதமும் அதே, அதற்கடுத்த மாதமும் அதே. உங்களுக்கு 26, 31, 33 என்று மாறி வருவதால் முட்டை வெடிக்கும் கிழமையும் மாறிக்கொண்டே போகிறது. ஏதோ ஒரு மாதத்தில் சனியோ ஞாயிறோ வந்து அகப்படும். வாரக் கடைசியில் மட்டும் வீடு திரும்பும் ஆண்களின் மனைவிகளுக்கு முன்பின்னாக வருவது ஒரு வகையில் உதவி. நாத்தனாரிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

17.6.2024

இன்னொரு திருத்தம். இந்த நோட்டை எழுதியவள் யாரென்று தெரிந்தால் வேலையைவிட்டு நீக்கிவிடுவேன்.

ஏப்ரல் 10ஆம் தேதியை முதல் நாளாகக் குறித்திருந்தேன். பக்கத்து ஓரத்தில் பென்சிலால் 'கறை மட்டும்' என்று எழுதியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். உள்ளாடையில் பழுப்பு நிறத்தில் இரண்டு சொட்டு பட்டதை முதல் நாளாகக் கொள்ளக் கூடாது. துணியோ நாப்கினோ வைத்தே தீர வேண்டும் என்கிற அளவுக்கு உதிரம் வந்த நாள்தான் முதல் நாள். அது ஏப்ரல் 12. ஆகவே 27, 30 என்று எழுதிய இரண்டும் 29, 28 என்று மாறுகின்றன. 34ஐயும் சேர்த்தால் என் கணக்கு 28 முதல் 34 வரை. ஒரு வாரத்துக்கு முன்பு 12 நாள் வேறுபாடு என்று உங்களிடம் அழுதவளுக்கு இப்போது ஆறுதான் மிச்சம். உடம்பு மாறவில்லை, பேரேடுதான் மாறியது.

30.6.2024, இரவு 2.20

பணி நேரத்தில் எழுதுகிறேன். பெங்களூரா மாம்பழ வரத்து உச்சத்தில் இருக்கிறது. லாரிகள் வரிசையாக நிற்கின்றன, எடைச் சீட்டு ஒவ்வொன்றையும் இரவோடு இரவாகப் பதிவேட்டில் ஏற்றினால்தான் காலையில் தோட்டக்காரர்களுக்குக் கணக்கு சொல்ல முடியும். மே மாதம் பாதியிலிருந்து வாரம் விட்டு வாரம் இரவுப் பணி.

முட்டை வெளிப்படுவதற்கு ஒன்றரை நாள் முன்னதாக எல்எச் என்ற ஹார்மோன் சிறுநீரில் திடீரென்று ஏறும், அதைக் காட்டும் அட்டை மருந்துக் கடையில் கிடைக்கிறது என்று படித்துவிட்டு ஏழு அட்டைகள் வாங்கினேன். 11ஆம் நாளிலிருந்து 17ஆம் நாள் வரை, நேற்றுவரை, தினமும் பார்த்தேன். கட்டுப்பாட்டுக் கோடு கருஞ்சிவப்பாக நிற்கிறது. பக்கத்தில் இருக்க வேண்டியது, மாங்காய்ப் பால் பட்டுக் காய்ந்த தடம்போல, விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. இந்தக் கோடு மங்கலாக இருந்தால் இல்லை என்றுதான் பொருள். மங்கலாக இருந்தாலும் உண்டு என்று கொள்வது கர்ப்பம் பார்க்கும் அட்டையில்தான். அட்டை தீர்ந்துவிட்டது. எனக்கு முட்டையே வெடிப்பதில்லை போலிருக்கிறது.

3.7.2024

மூன்று நாள் முன்பு எழுதியதை அழிக்காமல் விட்டிருக்கிறேன், மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று. மறுபடியும் ஐந்து அட்டைகள் வாங்கினேன். இன்று 21ஆம் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடக் கறுத்து வந்திருக்கிறது.

14ஆம் நாளை நடுவில் வைத்துத்தான் நான் ஏழு அட்டைகளைத் திட்டமிட்டேன். 28 நாள் என்ற மூடநம்பிக்கையை மூன்று வாரமாக உங்களிடம் கண்டித்துவிட்டு, கடையில் பணம் கொடுக்கும்போது அதையேதான் நம்பியிருக்கிறேன். வில்காக்ஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கரு தங்கக்கூடிய ஆறு நாட்களும் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் நடுவிலேயே முழுமையாக அமைந்தது ஏறத்தாழ நூற்றுக்கு 30 பெண்களுக்குத்தான். மீதி 70 பேரில் நானும் ஒருத்தி.

இந்தக் கோட்டிலிருந்து இரண்டு வாரம் கழித்துத்தான் கர்ப்பம் பார்க்கும் அட்டையைத் தொடப் போகிறேன். சென்ற மாதம் 32ஆம் நாள் காலையில் 'ஒரு கோடுதான்' என்று எழுதினேனே, அந்தக் காலையில் முட்டை வெடித்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்றே எனக்குத் தெரியாது. தாமதமாக வெடித்த மாதத்தில் நாட்காட்டியைப் பார்த்துச் சோதித்தால், கரு தங்கியிருந்தாலும்கூட அட்டை இல்லை என்று சொல்லிவிடக்கூடும்.

19.7.2024

வந்துவிட்டது. 36. கோடு கறுத்த நாளுக்கு மறுநாள் முட்டை வெடித்திருந்தால் 22ஆம் நாள், மீதி 14. இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் நான் முதலில் சொன்னது பலித்திருக்கிறது.

28 முதல் 36 வரை, வேறுபாடு எட்டு. ஏழு என்ற எல்லையை ஒரு நாளில் தாண்டிவிட்டேன். இரவு விழிப்பு சுழற்சியைக் குலைக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் என் 36க்கு அதுதான் காரணம் என்று கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு நாள் தாண்டியதால் நேற்றுவரை ஒழுங்காக இருந்த உடம்பு இன்று கோளாறாகிவிடாது. இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க முடிவு செய்துவிட்டேன், வருகிற செப்டம்பரோடு ஓராண்டு ஆகிறது.

உங்களுக்கு ஏழெட்டு மாதங்கள்தான், வயது 27. ஓராண்டு முயன்ற பிறகு மருத்துவரிடம் போவது பொது விதி. 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்தில் போக வேண்டும். ஆனால் 24 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலோ, 38 நாளைத் திரும்பத் திரும்பத் தாண்டினாலோ, மூன்று மாதம் வராமலே இருந்தாலோ, இடையில் உதிரம் பட்டாலோ, முகத்தில் முடி தடித்து வளர்ந்தாலோ, குழந்தை பெறாமலே மார்பில் பால் கசிந்தாலோ ஓராண்டு காத்திருக்கக் கூடாது. தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன், நீர்க்கட்டி என்று மக்கள் சொல்லும் பிசிஓஎஸ் ஆகியவை இப்படித்தான் அடையாளம் காட்டும்.

21.7.2024

உங்களுக்கு இது தலை ஆடி என்பதை நான் மறந்தே போனேன். 18ஆம் தேதி உதிரம் வந்தது, அம்மா வந்து அரூருக்கு அழைத்து வந்துவிட்டார், ஆவணி பிறந்த பிறகுதான் பாலக்கோடு என்று எழுதியிருக்கிறீர்கள்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 18ஐயும் மிக நீண்டதிலிருந்து 11ஐயும் கழித்தால் கரு தங்கக்கூடிய நாட்களின் இரண்டு எல்லைகள் கிடைக்கும் என்பது பழைய நாட்காட்டி முறை. உங்களுக்கு 8ஆம் நாள் முதல் 22ஆம் நாள் வரை, அதாவது ஜூலை 25 முதல் ஆகஸ்டு 8 வரை. முழுவதும் ஆடிக்குள். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று அந்தக் காலத்தில் பிரித்து வைத்தார்கள். அதையே இந்தக் காலத்தில் செய்தால் ஒரு மாத முயற்சி போகிறது. ஆடிப்பெருக்கு ஆகஸ்டு 3, சனிக்கிழமை, உங்களுக்கு 17ஆம் நாள். அன்று மருமகனை அழைத்து ஒகேனக்கலுக்கு வண்டி வைத்துக் குளிக்க வைத்து, கறி விருந்து போட்டு, இருட்டுவதற்குள் பேருந்து ஏற்றிவிடுவார்கள். என் தலை ஆடியில் என் கணவரைப் பேருந்து நிலையம் வரை கொண்டுபோய் விட்டுவந்தவர் என் அப்பாவேதான்.

போனது ஒரு மாதம்தான். இளம் தம்பதியரில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் ஓராண்டுக்குள் கரு தங்கிவிடுகிறது.

எங்கள் அத்தையின் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் நோட்டில் எழுதுகிறேன் என்றால் அவர் மனத்தில் எழுதுகிறார். மருமகள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நாளை வைத்து, தமிழ்த் தேதியில். 'மாசியில் முப்பது தேதிக்குள் குளித்தாயே, ஆனியில் ஏன் இரண்டு நாள் தள்ளியது' என்பார். நம் தமிழ் மாதங்களே 29 நாளிலிருந்து 32 நாள் வரை நீள்பவை. மார்கழி சுருங்கும், ஆனி நீளும். மாதத்துக்கு மாதம் தேதி தவறாமல் வருபவள் என்று ஊரில் பேர் வாங்கியவளுக்கும் உண்மையில் மூன்று நாள் வேறுபாடு இருந்திருக்கும். அத்தையிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'எனக்கு மூன்று பிள்ளைகளும் முன்னே பின்னே வந்த மாதத்தில்தான் நின்றது' என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

5.8.2024

கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவரிடம் போனேன். நோட்டை நீட்டினேன். அவர் அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். எந்த மருத்துவரும் என் கையெழுத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. தைராய்டுக்கான டிஎஸ்எச், புரோலாக்டின் இரண்டும் எழுதினார், இரண்டும் அளவுக்குள் வந்திருக்கின்றன. இந்தச் சுழற்சியில் முட்டை வளர்ச்சியைப் பார்க்க ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

12ஆம் நாள் வலது சூலகத்தில் ஒரு முட்டைப்பை 11 மில்லிமீட்டர். வெறும் 11தானா என்று எனக்குத் தொண்டை அடைத்தது, ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு அதே 12ஆம் நாளில் 18. ஸ்கேன் எடுத்த அம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்துக்கு நடுவே உளுத்தம்பருப்பை நிற்க வைத்ததுபோல ஒரு கறுப்பு வட்டம். 15ஆம் நாள் அது 16 மில்லிமீட்டர். இன்று 18ஆம் நாள், வட்டம் இல்லை. அது இருந்த இடம் சுருங்கி, பக்கத்தில் கொஞ்சம் நீர் தெரிந்தது. வெடித்துவிட்டது என்றார். எனக்கு 17ஆம் நாள் வாக்கில் வெடித்திருக்கும். சில நாள் பின்னால் புறப்பட்ட பேருந்து, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதல் பாதி நீள்வது என்று இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேனே, அது நீள்வதைக் கண்ணால் பார்த்தேன்.

11.8.2024

யாருமே கேட்கவில்லை, நானும் இரண்டு மாதமாக எழுதவில்லை. இந்த இழை முழுவதும் பெண்ணின் நாட்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். குழந்தை தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. மருத்துவர் முதல் நாளே விந்துப் பரிசோதனை எழுதினார். என் இரத்தத்தை அன்றே எடுத்தார்கள். அந்தச் சீட்டு என் கணவருடைய சட்டைப் பையில் இரண்டு வாரம் கிடந்து, ஒரு முறை துவைக்கவும் பட்டது.

'எனக்கு என்ன குறை?' என்றார். 'எனக்கு என்ன குறை என்று 11 மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே' என்றேன். நேற்றுப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விலகியிருந்து கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். முடிவு இன்னும் கைக்கு வரவில்லை.

19.8.2024

இன்று காலை வந்துவிட்டது. 31. ஸ்கேனில் 17ஆம் நாள் வெடித்ததாகக் கொண்டால் மீதி 14.

கண்ணீர் எல்லாம் உண்டு, அதை எழுதப் போவதில்லை. அத்தை நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, 'ஆடி மூன்று, ஆவணி மூன்று. தேதி தவறவில்லை பார்' என்றார். ஆடிக்கு இந்த ஆண்டு 31 நாள். நான் திருத்தவில்லை.

கணவருடைய அறிக்கை வந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 42 மில்லியன் விந்தணுக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் கீழ் எல்லை 16 மில்லியன் என்று சொன்னேன். அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார், நிலப்பத்திரத்துக்குப் பக்கத்தில்.

அடுத்து, முட்டை வெடித்த பிறகு ஏறும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கான பரிசோதனை. ஆய்வகத்தில் '21ஆம் நாள் வாருங்கள்' என்றார்கள். 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்காரிக்கு. அடுத்த உதிரத்துக்கு ஏழு நாள் முன்பாக எடுக்க வேண்டிய பரிசோதனை அது. எனக்கு 21ஆம் நாளில் எடுத்தால் அளவு குறைவாகக் காட்டி, முட்டையே வெடிக்கவில்லை என்று எழுதிவிடக்கூடும். மருத்துவரைக் கேட்டேன்; எல்எச் அட்டை கறுத்த மறுநாளிலிருந்து ஏழு நாள் எண்ணி வரச் சொன்னார். 31 நாள் கணக்கில் அது 24ஆம் நாள், செப்டம்பர் 11 வாக்கில் வரும். பென்சிலால்தான் குறித்திருக்கிறேன்.

பாலக்கோடு திரும்பிவிட்டீர்களா? 33 நாளைத் தாண்டிவிட்டதாக நேற்று எழுதியிருந்தீர்கள். ஜூலை 18ஐ முதல் நாளாகக் கொண்டால் நேற்று 32ஆம் நாள்தான். நாளைக் கூட்டி எண்ணியிருக்கிறீர்கள். ஆடிப்பெருக்கன்று அவர் பேருந்து ஏறினாரா என்பதை நீங்கள் எழுதவில்லை.